மாடியில் இரண்டு வீடா, சரவணம்பட்டியில் ஒரு ஃப்ளாட்டா?

கேள்வி: எனக்கு 47 வயது. கணபதியில் ஐந்து சென்ட்டில் சொந்த வீடு, நானும் வீட்டம்மாவும் சேர்ந்து எங்கள் இருவர் பேரில் 2009-ல் கட்டியது. பவுண்டரி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கையில் 48,000 வருகிறது. வீட்டம்மா தையலில் 12,000 சம்பாதிக்கிறார். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், பொண்ணு பத்தாவது. குடும்பச் செலவு 40,000.

அன்னூர்ப் பக்கம் இருந்த தோட்டத்தை அண்ணன் தம்பி எல்லோரும் சேர்ந்து விற்றோம். தங்கச்சிக்கும் பங்கு கொடுத்தது போக எனக்கு 28 லட்சம் வந்தது. இதை வைத்து வாடகை வருமானத்துக்கு வழி செய்துவிட்டு 55 வயதில் வேலையை விட்டுவிட வேண்டும் என்று ஆசை. பர்னஸ் சூட்டில் 25 வருடம் நின்றாகிவிட்டதுங்க.

சரவணம்பட்டியில் இரண்டு பெட்ரூம் ஃப்ளாட், கட்டி ஐந்து வருடம் ஆனது, 60 லட்சம் சொல்கிறார்கள். 18,000 வாடகை வரும், மீதியை லோன் போட்டால் வாடகையே தவணையைக் கட்டிவிடும், வரியும் மிச்சம் என்கிறார் புரோக்கர். என் மச்சினன், கோவில்பாளையம் பக்கம் ஆறு சென்ட் வாங்கி வடக்கத்திப் பையன்களுக்குப் பத்து லைன் வீடு கட்டு என்கிறான். வீட்டம்மா மட்டும், எங்கேயும் போக வேண்டாம், நம் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன் எடுக்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் அந்த அளவு போர்ஷனுக்கு 9,500 வாங்குகிறார்கள். மேஸ்திரி சதுர அடிக்கு 2,300 கேட்கிறார், 1,300 சதுர அடி வரும். எது சரிங்க?

– பெயர் வேண்டாம், கணபதி, கோவை

பதில்: உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் புரோக்கரும் மச்சினனும் மறுபடி வந்து பேசுவார்கள். அப்போது உங்கள் கையில் இந்தக் கணக்கு இருக்க வேண்டும்.

முதலில் ஃப்ளாட். 60 லட்சம் என்பது விலை மட்டும்தான். பழைய ஃப்ளாட்டை வாங்கிப் பத்திரம் போடும்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் வைத்தால் 60 ஆயிரம். சாவி கைக்கு வரும்போது 66 லட்சம் ஆகியிருக்கும். உங்களிடம் 28 இருக்கிறது. 38 லட்சம் கடன்.

எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 33,000. கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 67 வயது. வங்கி அதை ஒப்புக்கொள்ளாமல் 60 வயதுக்குள் முடிக்கச் சொன்னால் தவணை 40,000-ஐத் தாண்டிவிடும்.

வாடகைப் பக்கம் வாருங்கள். 18,000 என்றால் வருடம் 2,16,000 என்று எழுதிவிடுகிறோம். ஒருவர் காலி செய்து, வெள்ளையடித்து, அடுத்தவர் வருவதற்குள் ஒரு மாதம் போய்விடும். ஐ.டி. ஆட்கள் குடியிருக்கும் இடத்தில் வேலை மாறுவதும் பெங்களூருக்குப் போவதும் சகஜம் என்பதால் இந்த ஒரு மாதத்தை ஒவ்வொரு வருடமும் கழித்துத்தான் எழுத வேண்டும். ஆக 1,98,000. அசோசியேஷனுக்கு மாதம் 2,500 என்றால் வருடம் 30,000. சொத்து வரி ஒரு 6,000, ரிப்பேருக்கு 15,000. மிச்சம் 1,47,000. மாதத்துக்கு 12,250.

தவணை 33,000, கையில் நிற்பது 12,250. வித்தியாசம் 20,750-ஐ உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து மாதாமாதம் போட வேண்டும். உங்கள் குடும்பத்தில் இன்றைக்கு மிஞ்சுவதே 20,000 தான். வாடகையே தவணையைக் கட்டும் என்று சொன்னவர் இந்தப் பக்கத்தை உங்களுக்குக் காட்டவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இதே 28 லட்சத்தை ஆறரை சதவீதத்துக்கு வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் மாதம் 15,000-க்குக் கொஞ்சம் மேலே வரும். கடனும் இல்லை, குழாய் ரிப்பேரும் இல்லை. 66 லட்சத்துச் சொத்து கொடுப்பதைவிட 28 லட்சத்து டெபாசிட் அதிகம் கொடுக்கிறது. வாடகை வருடா வருடம் கூடும், டெபாசிட் வட்டி கூடாது என்பது உண்மை. ஆனால் 12,250 என்பது 15,000-ஐத் தொடுவதற்கே நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் உங்கள் பையன் படிப்பை முடித்து, பொண்ணு கல்லூரியில் இருப்பாள். பணம் மிகவும் தேவைப்படும் வருடங்கள் அவை.

விலை ஏறுமே என்பீர்கள். நம் ஊரில் எல்லோரும் சொல்லும் பதில் இது. 2010-ல் பீளமேட்டில் டைடல் பார்க் வந்ததையும், சரவணம்பட்டியும் கீரணத்தமும் கண்ணெதிரே மாறியதையும் பார்த்தவர்கள் நாம். சென்ட் சில ஆயிரத்துக்கு வாங்கின இடம் பல லட்சத்துக்குப் போனதைக் குடும்பத்திலேயே கண்டிருக்கிறோம். அதனால் எதை வாங்கினாலும் ஏறும் என்று மனதில் பதிந்துவிட்டது. ஏறியது மண். ஃப்ளாட்டில் உங்களுக்குச் சேரும் மண், பிரிக்கப்படாத மனைப் பங்கு என்று பத்திரத்தில் எழுதியிருப்பார்களே, அது மட்டும்தான். அது ஒரு சென்ட் இருந்தாலே பெரிது. மேலே இருக்கும் கட்டடம் வருடத்துக்கு வருடம் பழசாகிக்கொண்டே போகும். அதைவிட முக்கியம், நீங்கள் கேட்டது 55 வயதில் மாதாமாதம் வரும் வருமானம். விலை ஏறினாலும் ஃப்ளாட்டில் ஒரு ரூமை மட்டும் விற்று மளிகைக் கடன் கட்ட முடியாது.

வரி மிச்சம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை. உங்கள் சம்பளம் வருடம் 5,76,000. வாடகையைச் சேர்த்தாலும் ஏறக்குறைய எட்டு லட்சம்தான். கட்ட வேண்டிய வரியே இல்லாதவருக்கு வீட்டுக் கடன் எந்த வரியை மிச்சப்படுத்தும்? வாடகை வர ஆரம்பித்ததும் அதை வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள். சொத்து வரி போக மீதியில் 30 சதவீதம் கழித்துக்கொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. மறைக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

மச்சினன் சொன்ன லைன் வீட்டை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விடுவது இந்த ஊரின் பழைய தொழில். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து பஞ்சாலைகள் பெருகியபோது சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் மில் தொழிலாளிகளை நம்பியே காம்பவுண்ட் வீடுகள் எழுந்தன. பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிகளை நம்பி எழுந்தன. போட்ட பணத்துக்கு வரும் வாடகை என்று பார்த்தால் ஃப்ளாட்டைப் போல இரண்டு மூன்று மடங்கு வரும், மறுக்கவில்லை.

ஆனால் அந்த வாடகை ஒரே ஒரு தொழிலின் கூலியிலிருந்து வருகிறது. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. வேலையில்லாமல் ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள். 2020 ஊரடங்கில் வடமாநிலத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாகப் போனதை நீங்களும் பார்த்தீர்கள். அந்த ஊரடங்கோடு கோவையில் பங்கஜா, கம்போடியா, முருகன் என்று என்.டி.சி. (தேசியப் பஞ்சாலைக் கழக) மில்களின் சங்கும் நின்றது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. இப்படி ஒன்று நடக்கும்போது பத்து அறையில் இரண்டு மட்டும் காலியாகாது, ஒரே வாரத்தில் எட்டு காலியாகும். வேறு வருமானம் உள்ளவர் தாங்கிக்கொள்வார். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்துக் கடன் வாங்கியவர் தாங்க மாட்டார்.

அதோடு கோவில்பாளையத்தில் இருக்கும் பத்து அறையைக் கணபதியிலிருந்து பார்த்துக்கொள்ள முடியாது. செப்டிக் டேங்க் நிரம்பும், தண்ணீர் லாரிக்குப் பேச வேண்டும், மோட்டார் எரியும், ஞாயிற்றுக்கிழமை இரவு சண்டை வரும். ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஆறு பேரை அடைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்து, முப்பது பேருக்கு இரண்டு கக்கூஸ் கட்டிவிடும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்லப்படும் லாபத்தில் பாதி அந்த நெரிசலிலிருந்து வருகிறது. அது செய்யத் தகாத காரியம். மச்சினன் கட்டுவதானால் இரண்டு அறைக்கு ஒரு கழிப்பறை, அறைக்கு ஒரு ஜன்னல், குடிக்க நல்ல தண்ணி என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கட்டும்.

இனி மாடிக்கு வருவோம்.

1,300 சதுர அடி, 2,300 ரூபாய் என்றால் 29,90,000. முப்பது லட்சம் என்று வையுங்கள். நிலத்துக்குப் பைசா இல்லை, பத்திரச் செலவு இல்லை, புரோக்கர் இல்லை. இரண்டு போர்ஷனுக்கும் 19,000 வாடகை. இங்கேயும் வருடத்துக்கு ஒரு மாதத்தைக் கழித்தால் 2,09,000. கூடுதல் சொத்து வரிக்கு 6,000, வெள்ளையடிப்புக்கும் மோட்டார், குழாய் வேலைக்கும் 18,000. மிச்சம் 1,85,000, மாதம் 15,400. போட்ட பணத்தில் ஆறு சதவீதத்துக்கு மேல் கையில் நிற்கிறது. ஃப்ளாட்டில் அது இரண்டே கால் சதவீதத்தைத் தாண்டவில்லை.

28 லட்சத்தையும் கட்டடத்தில் இறக்காதீர்கள். ஐந்து லட்சத்தை ஆஸ்பத்திரிச் செலவு, பொண்ணு படிப்பு, கட்டட வேலை இழுத்துக்கொண்டு போவது ஆகியவற்றுக்காக ஒதுக்கி வையுங்கள். 23 லட்சம் கைப்பணம், 7 லட்சம் கடன். இருக்கும் வீட்டை விரிவுபடுத்துவதற்கும் வங்கிகள் வீட்டுக் கடன் தருகின்றன. எட்டரை சதவீதத்தில் ஏழு வருடத்துக்குத் தவணை 11,100 போல வரும். வாடகை 15,400 அதைத் தாராளமாகக் கட்டிவிடும். புரோக்கர் சொன்ன அந்த வாக்கியம் இங்கேதான் உண்மையாகிறது.

சம்பளத்தில் மிஞ்சும் 20,000-ஐத் தொட வேண்டியதே இல்லை. அதில் மாதம் 15,000-ஐ பி.எஃப்.-ல் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லியோ வேறு நல்ல சேமிப்பிலோ போட்டு வந்தால், எட்டு சதவீதம் என்று வைத்தாலும் எட்டு வருடத்தில் 20 லட்சம் சேரும். உங்கள் 55-ல் கடன் முடிந்திருக்கும். வாடகை வருடம் ஐந்து சதவீதம் ஏறினால் கையில் நிற்பது மாதம் 22,000-க்கு மேல். 20 லட்சத்துக்கு வட்டி 10,800. ஏறக்குறைய 33,000. பிள்ளைகள் படிப்பு முடிந்த பிறகு இன்றைய விலையில் 30,000 போதும் என்று வைத்தால், எட்டு வருடம் கழித்து அது 44,000 ஆகியிருக்கும். அதாவது முக்கால் பங்கு உங்கள் கையில். முழுச் சம்பளத்தை விட்டுவிட இது போதாது, அதை மறைத்து உங்களைச் சந்தோஷப்படுத்த விரும்பவில்லை. ஆனால் பர்னஸ் முன்னால் நிற்கும் வேலையை விட்டுவிட்டு, குவாலிட்டி, ஸ்டோர்ஸ் என்று பாதிச் சம்பளத்துக்கு ஒரு லேசான வேலையைத் துணிந்து எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வேண்டிய விடுதலை அதுதான் என்று உங்கள் கடிதத்தின் ஒரு வரியிலிருந்து எனக்குப் படுகிறது.

இதெல்லாம் வீடு மாடியைத் தாங்கினால்தான். 2009-ல் கட்டும்போது பின்னாளில் மாடி எடுக்கலாம் என்று பில்லர் கம்பிகளை மேலே நீட்டி விட்டிருப்பீர்கள். பதினைந்து வருடத்துக்கு மேல் மழையிலும் வெயிலிலும் நின்ற அந்தக் கம்பிகளைப் போய்ப் பாருங்கள். விரலால் தேய்த்தால் செம்மண்போல உதிர்கிறதா, தட்டினால் பொறுக்குப் பொறுக்காக விழுகிறதா என்று பாருங்கள். மேல் துரு என்றால் சுத்தம் செய்து, ரசாயனம் பூசிச் சரிசெய்ய வழி இருக்கிறது. கம்பியே மெலிந்து போயிருந்தால் அதில் மேல்கட்டு ஏற்றக் கூடாது. பில்லரே இல்லாமல் சுவர் தாங்கும் கட்டு என்றால் கதை வேறு. மேஸ்திரி தாங்கும் என்று சொல்வது போதாது. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை வரச்சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அவர் வாங்கும் கட்டணம் 30 லட்சத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மாநகராட்சி அனுமதி வாங்காமல் ஆரம்பிக்காதீர்கள். தரைத்தளத்துக்கு வாங்கிய பழைய பிளானைத் தேடி எடுங்கள். மாடிப்படி வெளியே, உங்கள் வாசலைத் தொடாமல் போகட்டும். இரண்டு குடும்பத்துக்கு நாலு பைக் நிற்க இடம் வேண்டும், அதை இப்போதே வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நம் ஊரில் வீடு பார்க்க வருபவர் ஹாலைப் பார்ப்பதற்கு முன் கேட்பது, நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க என்பதுதான். போர் தண்ணி உப்பு. ஆகவே நல்ல தண்ணிக்குத் தனித் தொட்டி, உப்புத் தண்ணிக்குத் தனித் தொட்டி, மாடிக்கு இரண்டு குழாய். நல்ல தண்ணித் தொட்டியைக் கொஞ்சம் பெரிதாகவே கட்டுங்கள். குடியிருப்பவர் ஐந்து வருடம் நிலைத்து இருப்பதற்கு டைல்ஸைவிட இது உதவும். போர்ஷனுக்குப் போர்ஷன் தனி மின் இணைப்பு வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பது அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர வேண்டிய சலுகை. சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று நாம் வசூலிப்பது நியாயம் இல்லை.

அட்வான்ஸ் விஷயம். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நம் பக்கத்துப் பழக்கம். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. மூன்று மாதமே வாங்குங்கள். அதை அன்றைக்கே வங்கியில் போட்டுத் தொடாமல் வையுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்று பழைய குடியிருப்பவரை மூன்று நாலு மாதம் நடக்கவிடும் வீட்டுக்காரர்கள் நம் தெருவுக்குத் தெரு உண்டு. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அவர் அந்த நேரத்தில் வட்டிக்கு வாங்கிக்கொண்டு நிற்பார்.

ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம், பதிவு எண் கிடைக்கும். பதினோரு மாதத்துக்குப் போட்டால் பதிவு வேண்டாம் என்ற பழைய பேச்சு இந்தச் சட்டத்தில் செல்லாது. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு கூடும், வெள்ளையடிப்பு யார் செலவு, எல்லாம் அதில் வரட்டும். தகராறு வந்தாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவதற்குச் சட்டம் இடம் தரவில்லை.

கட்ட ஆரம்பித்ததும் யாராவது எட்டு லட்சம் தந்துவிட்டு வாடகையில்லாமல் மூன்று வருடம் இருக்கிறேன் என்று போக்கியத்துக்குக் கேட்டு வருவார்கள். வட்டியில்லாப் பணம் என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். அந்தப் போர்ஷனின் வருட வாடகை 1,14,000-ஐ நீங்கள் விடுகிறீர்கள். எட்டு லட்சத்துக்கு அது பதினாலே கால் சதவீத வட்டி. எட்டரைக்கு வங்கி தரும்போது இது எதற்கு? மூன்று வருடம் கழித்து எட்டு லட்சத்தை மொத்தமாக எடுத்து வைக்கவும் வேண்டும்.

யாருக்கு விடுவது என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஃபோனில் பேசும்போதே, நீங்க என்ன ஆளுங்க என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொல்லும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அதைச் செய்யாதீர்கள். அது மனிதரை அவமதிப்பது. நர்ஸ், ஐ.டி.ஐ. வாத்தியார், சிட்கோவில் வேலை செய்பவர், அரசுப் பேருந்து கண்டக்டர் என்று வெவ்வேறு சம்பளத்திலிருந்து வாடகை வருவதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு. இரண்டு போர்ஷனையும் ஒரே கம்பெனி ஆட்களுக்கு விட வேண்டாம். வேலை எங்கே, முன்பு இருந்த வீட்டை ஏன் காலி செய்தார் என்று விசாரியுங்கள், அடையாள நகல் வாங்குங்கள், அது போதும்.

வாடகை வீட்டம்மாவின் வங்கிக் கணக்குக்கே வரட்டும். நாள் முழுக்க வீட்டில் இருந்து மோட்டார் போடுவதும் குழாய்க்காரரைக் கூப்பிடுவதும் அவர்தான் செய்யப்போகிறார். அந்த வேலைக்கு அந்தப் பணத்தில் ஒரு பங்கு அவருடையதாகவே இருக்க வேண்டும்.

இப்போதைக்கு 28 லட்சத்தையும் மூன்று மாத ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். புரோக்கருக்கு டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதீர்கள். பில்லர் தாங்காது என்று அறிக்கை வந்தால் வீட்டை இடித்துக் கட்டுவது, முழுப் பணத்தையும் டெபாசிட்டிலேயே விட்டுவிடுவது என்று இரண்டு வழி இருக்கிறது. அதில் எது என்பது இன்ஜினியர் தரும் மதிப்பீட்டைப் பொறுத்தது. அந்தத் தாளோடு மறுபடி எழுதுங்கள்.